அசோசியேட் பட்டம் படித்தால் இளநிலைப் பட்டத்துக்குப் போக முடியுமா?

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் இந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறாள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நியூ பிரன்ஸ்விக் வளாகத்தில் கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். நான்கு ஆண்டுச் செலவைக் கணக்குப் போட்ட பெற்றோர், முதல் இரண்டு ஆண்டுகளைக் கவுண்டி காலேஜில் (கம்யூனிட்டி காலேஜ் என்றும் அழைக்கப்படும் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் ரட்கர்ஸுக்கு மாற்றலாமா என்று யோசிக்கிறார்கள். அதற்குள் உறவினர் ஒருவர், "அங்கே கொடுக்கும் அசோசியேட் பட்டம் நம் ஊர் டிப்ளமோ மாதிரிதான், அதோடு படிப்பு நின்றுவிடும்" என்று சொல்லிவிட்டார். அது உண்மையா, எந்தப் படிப்பு மேலே போக உதவும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்.

படிப்பு நின்றுவிடாது. சரியான அசோசியேட் பட்டம் இளநிலைப் பட்டத்தின் முதல் பாதியாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் அது பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமல்ல. உங்கள் மகள் எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த மேஜரை (முதன்மைப் பாடத்தை) முடிக்கப் போகிறாள் என்பதை முதலில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து, இங்கே எந்தப் பாடங்களை எடுக்க வேண்டும் என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். கல்லூரி மாறும் மாணவர்களின் மதிப்பெண் பதிவுகளான டிரான்ஸ்கிரிப்டுகளைப் பார்த்து வழிகாட்டுவது என் வேலை. இந்தப் பின்னோக்கிய கணக்கை முதல் செமஸ்டருக்கு முன்பே போட்டவர்களுக்கும் மூன்றாவது செமஸ்டரில் போட்டவர்களுக்கும் இடையே ஒரு முழு ஆண்டு வித்தியாசம் வருவதைப் பார்த்துவருகிறேன். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உறவினர் சொன்ன ஒப்பீட்டிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர முடியும் என்பதால், டிப்ளமோவோடு படிப்பு நிற்பதில்லை என்பது அங்கேயே உண்மை. ஆனால் அந்த நேரடிச் சேர்க்கை மாநிலம் முழுவதற்குமான ஒரே விதியின்படி நடக்கிறது. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு விதி கிடையாது. எந்தக் கல்லூரியில் படித்த எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்கிறது. சில மாநிலங்கள் சட்டத்தின் மூலம் அந்த உரிமைக்கு வரம்பு கட்டியிருக்கின்றன. நல்லவேளையாக நியூ ஜெர்சி அத்தகைய மாநிலங்களில் ஒன்று. மேலும், கம்யூனிட்டி காலேஜ் என்ற அமைப்பு தோன்றியதே பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை அனுப்புவதற்காகத்தான். இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜ், பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை மாணவர்கள் தங்கள் ஊரிலேயே முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. தொழிற்பயிற்சிப் படிப்புகள் பெருகியது அதற்குப் பிறகுதான்.

இன்று ஒரே கல்லூரியில் இரண்டு நோக்கங்களும் அருகருகே இருப்பதால்தான் குழப்பம். படிப்பின் அளவை இங்கே கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். அசோசியேட் பட்டம் பொதுவாக 60 கிரெடிட் கொண்டது. இளநிலைப் பட்டம் 120. ஏ.ஏ. எனப்படும் அசோசியேட் இன் ஆர்ட்ஸ், ஏ.எஸ். எனப்படும் அசோசியேட் இன் சயின்ஸ் ஆகிய இரண்டும் நியூ ஜெர்சியில் மேற்படிப்புக்கு மாறுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. ஏ.ஏ.எஸ். எனப்படும் அசோசியேட் இன் அப்ளைடு சயின்ஸ், முடித்த உடனே வேலைக்குப் போவதற்கானது. பெயர்களில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கணினித் துறையில் இந்த இரண்டு வகையும் ஒரே பட்டியலில் வருவதுண்டு: கணினி அறிவியலில் ஏ.எஸ். இருக்கும், அதற்குக் கீழேயே நெட்வொர்க் நிர்வாகம் போன்ற ஒன்றில் ஏ.ஏ.எஸ். இருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவது பெயர் சுவாரசியமாகத் தெரிவது இயல்பு. அதில் கால்குலஸ் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும் என்பதை அந்த வயதில் யாரும் ஆராய்வதில்லை. வீட்டுப் பெரியவர்களாவது ஆராய வேண்டும்.

இந்த வகைப்பாடும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், வேறு மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். புளோரிடாவில் ஏ.ஏ. முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஓர் இடம் உறுதி. ஆனால் அங்கே ஏ.எஸ். என்பது பெரும்பாலும் வேலைக்கான பட்டம். கலிபோர்னியாவில் 2010-இல் வந்த சட்டத்தின்படி, மாற்றத்துக்கென்றே தனி அசோசியேட் பட்டம் உண்டு. அதை முடித்தவருக்குக் கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி அமைப்பில் இடம் உண்டு என்றாலும், கேட்ட வளாகமும் கேட்ட மேஜரும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதே மாநிலத்தின் யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவுக்கு மாற அசோசியேட் பட்டமே கட்டாயமில்லை. குறிப்பிட்ட பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால் போதும்.

நியூ ஜெர்சிக்கு வருவோம். 2007-இல் நிறைவேறிய சட்டம் ஒன்றை இங்கே லாம்பிட் சட்டம் என்பார்கள். மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜில் ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். பட்டத்தை முடித்த மாணவரை மாநிலத்தின் அரசு நான்காண்டுக் கல்லூரி ஒன்று சேர்த்துக்கொண்டால், அந்தப் பட்டத்தின் கிரெடிட்டுகளை இளநிலைப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளாக அது ஏற்க வேண்டும். பொதுக்கல்விப் பாடங்களை மீண்டும் எடுக்கச் சொல்லக்கூடாது. ரட்கர்ஸ் இந்த ஏற்பாட்டுக்குள் வருகிறது. ஏ.ஏ.எஸ். பட்டம் இதற்குள் வராது. பட்டத்தை முடிக்காமல், ஓர் ஆண்டு படித்துவிட்டு இடையில் மாறுபவருக்கும் இந்த முழுப் பாதுகாப்பு கிடையாது. அவருடைய பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார்கள்.

இந்தச் சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தக் குறிப்பிட்ட பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்கும் என்றோ, கேட்ட மேஜரில் சேர்த்துக்கொள்வார்கள் என்றோ, மேலும் இரண்டே ஆண்டுகளில் பட்டம் முடியும் என்றோ அது உறுதி தருவதில்லை. இதில் மூன்றாவதைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் தவறாகப் புரிந்துகொள்கின்றன. "60 கிரெடிட்டும் ஏற்றுக்கொண்டார்கள்" என்ற செய்தி வந்ததும் வீட்டில் மகிழ்ச்சி. மீதி 60-தானே, இரண்டு ஆண்டு என்று கணக்கு. கிரெடிட்டை ஏற்பது ஒன்று, ஏற்ற கிரெடிட் மேஜரின் தேவையை நிறைவு செய்வது வேறு. முதலாவதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் மகளின் விஷயத்தையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ரட்கர்ஸில் கால்குலஸ் ஒரே பாடம் அல்ல. கணிதம், இயற்பியல் அறிவியல் போன்ற துறைகளுக்கான வரிசை 640:151, 152 என்ற எண்களில் போகிறது. உயிரியல், சமூக அறிவியல் போன்றவற்றுக்கான வரிசை 640:135, 136. கணினி அறிவியல் மேஜருக்கு 151, 152 வரிசை வேண்டும். கவுண்டி காலேஜிலும் இப்படி இரண்டு வகைக் கால்குலஸ் இருப்பது வழக்கம்: ஒன்று வணிகம் மற்றும் சமூக அறிவியல் மாணவர்களுக்கானது, மற்றொன்று அறிவியல் மற்றும் பொறியியல் மாணவர்களுக்கானது. முதல் வகையை எடுத்து ஏ மதிப்பெண் வாங்கினாலும் அந்தக் கிரெடிட் ரட்கர்ஸின் 120-க்குள் போய் உட்காரும். ஆனால் மேஜரைப் பொறுத்தவரை அவள் கால்குலஸை முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

நிரல் எழுதும் பாடங்களிலும் இதே கதைதான். ரட்கர்ஸின் 198:111 என்ற அறிமுகப் பாடமும் 198:112 என்ற டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடமும் மேஜரின் அடித்தளம். கவுண்டி காலேஜில் "கணினி அறிமுகம்" என்ற பெயரில் இருக்கும் பாடம், அலுவலக மென்பொருள்களைக் கற்றுத்தருவதாகவும் இருக்கலாம், முறையாக நிரல் எழுதக் கற்றுத்தருவதாகவும் இருக்கலாம். முதல் வகை 111-க்கு ஈடாகாது. மதிப்பீட்டுத் தாளில் அது விருப்பப் பாடம் என்று பதிவாகும். கிரெடிட் எண்ணிக்கை குறையாது, ஆனால் மேஜரில் ஒரு படிகூட ஏறியிருக்க மாட்டாள்.

இதைவிடவும் நேரத்தை விழுங்குவது ஒன்று உண்டு. மேஜர் பாடங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோக்கப்பட்டவை. 198:344 என்ற அல்காரிதம் பாடத்துக்கு 112-உம் 206-உம் முன்தேவை. 206-க்கு 205 முன்தேவை. 205 என்பது டிஸ்கிரீட் ஸ்ட்ரக்சர்ஸ் எனப்படும் தனிநிலைக் கணிதம். ஆக 205, 206, 344 ஆகிய மூன்றும் மூன்று செமஸ்டர்களில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர முடியும். எவ்வளவு கெட்டிக்கார மாணவியாக இருந்தாலும் ஒரே செமஸ்டரில் சேர்த்து எடுக்க இயலாது. கவுண்டி காலேஜிலேயே 205-க்கு ஈடான பாடத்தை எடுத்துவிட்டு வந்தால் அந்தச் சங்கிலியில் ஒரு செமஸ்டர் மிச்சம். 112-க்கு ஈடான பாடம்கூட இல்லாமல் வந்தால், கையில் 60 கிரெடிட் இருந்தும் ரட்கர்ஸில் இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே எத்தனை கிரெடிட் மீதமிருக்கிறது என்று எண்ணுவதைவிட, மீதமிருக்கும் மிக நீளமான சங்கிலியில் எத்தனை செமஸ்டர் இருக்கிறது என்று எண்ணுங்கள். அதுதான் உண்மையான காலக்கணக்கு. மேஜரின் பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படும் என்பதால், சேரும் ஆண்டின் கேட்டலாகை (பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் கையேட்டை) வைத்தே இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை என்பது நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. என்ஜே டிரான்ஸ்பர் என்ற மாநில இணையதளத்தில் உங்கள் கவுண்டி காலேஜின் பெயரையும் போக விரும்பும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கொடுத்தால், ஒவ்வொரு பாடமும் அங்கே எந்த எண்ணாக ஏற்கப்படும் என்று காட்டும். ஏற்கப்படும் பாடத்துக்கு எதிரே ரட்கர்ஸின் சரியான எண் இருக்கிறதா, அல்லது வெறும் விருப்பக் கிரெடிட் என்று இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. ஒரு மாலையில் தாயும் மகளும் உட்கார்ந்து, ரட்கர்ஸ் கணினி அறிவியல் மேஜரின் பாடப் பட்டியலை ஒரு பக்கத்திலும் இந்த ஈடுகளை மறுபக்கத்திலும் வைத்து எழுதிப் பார்த்தால், நான் மேலே சொன்ன அத்தனையும் உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இதே பயன் தருவது அசிஸ்ட் என்ற தளம்.

இதில் சிறிதும் அலட்சியம் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க அரசின் கணக்காய்வு அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரையிலான காலத்தில் கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில் 43 விழுக்காட்டை இழந்ததாக மதிப்பிட்டது. எல்லா வகையான மாற்றங்களும் அதில் அடக்கம். கம்யூனிட்டி காலேஜிலிருந்து அதே மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்துக்குத் திட்டமிட்டுப் போகும் உங்கள் மகளின் நிலை அவ்வளவு மோசமானதல்ல. ஆனாலும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது படித்த படிப்பும் கட்டிய பணமும் வீணான பிள்ளைகள். பண உதவிக்கும் எல்லை உண்டு: கூட்டாட்சி அரசின் பெல் கிராண்ட் உதவித்தொகை, முழுநேரப் படிப்பாகக் கணக்கிட்டால் வாழ்நாளில் ஏறத்தாழ 12 செமஸ்டர்களுக்குத்தான் கிடைக்கும். வீணாகும் செமஸ்டர் அந்தக் கணக்கிலும் கழியும்.

மதிப்பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கிரெடிட்தான் கூடவே வரும்; சராசரி மதிப்பெண்ணான ஜிபிஏ புதிதாகத் தொடங்கும். அதனால் கவுண்டி காலேஜ் மதிப்பெண் முக்கியமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மாற்று மாணவர் சேர்க்கையில் அவர்கள் முதன்மையாகப் பார்ப்பதே அந்த ஜிபிஏ-வைத்தான். மேஜர் பாடங்களில் சி-க்குக் கீழே வாங்கினால் பொதுவாக அது மேஜர் கணக்கில் சேராது. பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கோ, எங்கே படித்த மதிப்பெண்ணாக இருந்தாலும் எல்லாம் கணக்கில் வரும்.

அங்கீகாரம் பற்றிய கவலை உங்களுக்குத் தேவையில்லை; நியூ ஜெர்சியின் 18 கம்யூனிட்டி காலேஜுகளும் கல்லூரிகளின் தரத்தைச் சரிபார்க்கும் மிடில் ஸ்டேட்ஸ் ஆணையத்தின் அங்கீகாரம் பெற்றவை, ரட்கர்ஸும் அதே ஆணையத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆனால் "ஒன்றரை ஆண்டில் அசோசியேட் பட்டம்" என்று விளம்பரம் செய்யும் லாப நோக்குத் தனியார் கல்லூரிகளின் பக்கம் யாரும் போய்விடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். நாடு முழுவதும் கிளைகள் வைத்திருந்த கொரிந்தியன் கல்லூரிகள் 2015-இலும், ஐடிடி டெக் 2016-இலும் மூடப்பட்டபோது, அங்கே படித்த மாணவர்களில் பலருடைய கிரெடிட்டுகளை ஏற்கப் பிற கல்லூரிகள் முன்வரவில்லை. கடன் மட்டும் கையில் நின்றது. பணம் கட்டுவதற்கு முன்பு, நீங்கள் போக விரும்பும் பல்கலைக்கழகம் அந்தக் கல்லூரியின் கிரெடிட்டை ஏற்குமா என்பதைப் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். கல்லூரியின் சேர்க்கை அலுவலர் சொல்வது போதாது.

ஏ.ஏ.எஸ். என்றாலே முட்டுச்சந்து என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். செவிலியர் படிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அசோசியேட் அளவில் நர்சிங் முடித்தவர் உரிமத் தேர்வு எழுதிப் பதிவு பெற்ற செவிலியர் ஆகலாம். பிறகு வேலை பார்த்துக்கொண்டே, அவர்களுக்கென்றே இருக்கும் பி.எஸ்.என். எனப்படும் செவிலியர் இளநிலைத் திட்டத்தில் சேர்ந்து இளநிலைப் பட்டம் பெறலாம். நியூயார்க் மாநிலம் 2017-இல் கொண்டுவந்த சட்டம், புதிதாக உரிமம் பெறும் செவிலியர்கள் பத்து ஆண்டுகளுக்குள் இளநிலைப் பட்டம் பெற வேண்டும் என்கிறது. அசோசியேட் பட்டத்தை முதல் படியாகவும் இளநிலையை அடுத்த படியாகவும் சட்டமே வைத்துப் பார்க்கிறது என்பதுதான் இதன் பொருள். பொறியியலில் நிலைமை வேறு. எஞ்சினியரிங் டெக்னாலஜியில் ஏ.ஏ.எஸ். முடித்தவர் எஞ்சினியரிங் டெக்னாலஜி இளநிலைக்குப் போகலாம். எஞ்சினியரிங் இளநிலைக்குப் போக வேண்டுமானால் கால்குலஸ் வழியிலான இயற்பியலையும் உயர்கணிதத்தையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இதே வழியை யோசிக்கும் வேறு சில தமிழ்க் குடும்பங்களுக்காக விசா பற்றி இரண்டு வரி. எஃப்-1 மாணவர் விசாவில் அசோசியேட் பட்டம் முடிப்பவருக்கு 12 மாத ஓபிடி (படித்த துறையில் வேலை பார்க்கும் தற்காலிக அனுமதி) வாய்ப்பு உண்டு, பின்னர் இளநிலை முடிக்கும்போது மேல்நிலைப் பட்டம் என்பதால் மறுபடியும் 12 மாதம் கிடைக்கும். ஆனால் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் அந்த அனுமதியை நீட்டிக்கும் ஸ்டெம் நீட்டிப்பு அசோசியேட் பட்டத்துக்குக் கிடையாது. எச்-1பி வேலை விசாவுக்கும் இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடானதோ தேவை. ஆகவே இந்த நாட்டில் தொடர்ந்து வேலை பார்க்க நினைப்பவர் அசோசியேட்டோடு நிறுத்துவது நடைமுறையில் பொருந்தாது.

உங்கள் மகளுக்கு என் பரிந்துரை இதுதான். கவுண்டி காலேஜில் கணினி அறிவியல் ஏ.எஸ். படிப்பில் சேரட்டும். பள்ளியில் வகுப்பின் முதல் 15 விழுக்காட்டுக்குள் வந்திருந்தால் என்ஜே ஸ்டார்ஸ் உதவித்தொகைக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அது கவுண்டி காலேஜின் கல்விக் கட்டணத்தை ஏற்கும். முதல் செமஸ்டரிலேயே 151-க்கு ஈடான கால்குலஸில் உட்கார முடியுமா என்பதுதான் மிகப்பெரிய கேள்வி. சேரும்போது வைக்கும் கணித நிலைத் தேர்வின்படி அவளைக் கால்குலஸுக்கு முந்தைய பாடமான ப்ரீகால்குலஸில் வைத்துவிட்டால் கோடைகாலத்திலேயே அதை முடிக்க முயலட்டும். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், இரண்டாம் கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, கிடைத்தால் டிஸ்கிரீட் கணிதம் ஆகியவற்றை மாறுவதற்கு முன்பே முடிக்கட்டும். பட்டத்தையும் கட்டாயம் முடிக்கட்டும். இரண்டு பாடம் மீதமிருக்கும்போது மாறுவது சட்டத்தின் பாதுகாப்பைக் கைவிடுவதாகும். கவுண்டி காலேஜ் அட்வைசரிடம் "இது டிரான்ஸ்பர் ஆகுமா" என்று மட்டும் கேட்டால் "ஆகும்" என்றுதான் பதில் வரும், அது உண்மையாகவும் இருக்கும். "ரட்கர்ஸ் கணினி அறிவியல் மேஜரில் எந்த எண்ணுக்குப் பதிலாக இது ஏற்கப்படும்" என்று கேட்கச் சொல்லுங்கள். எடுக்கும் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பத்திரமாக வைத்திருக்கட்டும். மதிப்பீட்டில் ஒரு பாடம் விருப்பக் கிரெடிட் என்று வந்துவிட்டால், அந்தத் துறையிடம் மறுபரிசீலனை கேட்கும்போது வாரவாரியான பாடவிவரமும் பாடநூலின் பெயரும் இருக்கும் அந்தச் சிலபஸ்தான் சான்று. பழைய சிலபஸை ஈராண்டு கழித்துத் தேடினால் பேராசிரியரே அங்கு இல்லாமல் போயிருக்கக்கூடும்.